போர்வைக்குள் இருந்தவளிடம் கேட்டது

தென்காசிப் பக்கம் மலையடிவாரத்துக் குடில் ஒன்றில் மங்கையர்க்கரசி என்றொரு குரு இருந்தார். எல்லாருக்கும் குருவம்மா. சனிக்கிழமைதோறும் அவரிடம் தியானம் பழக வரும் சீடர்களில் சுடர்விழியும் ஒருத்தி. அப்போதுதான் பிளஸ் டூ முடித்திருந்தாள்.

அவளுக்கு மனச்சோர்வு நோய். திருநெல்வேலி டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டு வந்தாள். பல வாரம் கலகலவென்று திரிவாள். திடீரென்று சில நாள் தலை சீவ மாட்டாள், போர்வையை விட்டு எழ மாட்டாள். ஊரார் கேட்டால் அவள் அப்பா நல்லமுத்து, "மலேரியா" என்று சொல்லிவிடுவார். ஊரில் வேறு யாருக்கும் அத்தனை தடவை மலேரியா வந்ததில்லை.

அன்றைக்குக் குருவம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சுடர்விழி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"குருவம்மா, விலங்கியல் கிடைச்சிருக்கு. சென்னையிலயும் இடம் இருக்கு, திருநெல்வேலியிலயும் இருக்கு. எங்க போகட்டும்?"

"ஓணானும் பல்லியும் திருநெல்வேலியில இல்லையா?"

சுடர்விழி சிரித்தாள். "எனக்குச் சென்னைதான். அங்க என்னை ஒருத்தருக்கும் தெரியாது. சீக்குக்காரிங்கிற பேரு இல்லாம இருக்கலாம்."

"மாத்திரை?"

"பாத்ரூம்ல போயி முழுங்கிக்கிடுவேன். மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணும். நீங்க சரின்னா அப்பா சேத்துருவாரு."

"இன்னும் ஒருத்தியைக் கேக்கணும். கேட்டுட்டுச் சொல்றேன்."

"அம்மாவையா? அம்மாவுக்குச் சம்மதம்தான்."

குருவம்மா ஒரு கை மொச்சையை அவள் பக்கம் தள்ளினார்.

அடுத்த சனிக்கிழமை சுடர்விழி வரவில்லை. குருவம்மா பஸ் ஏறி அவள் வீட்டுக்குப் போனார்.

வாசலில் நல்லமுத்து கைகூப்பினார். "பிள்ளைக்கு மலேரியாம்மா."

"எங்கிட்டயுமா, நல்லமுத்து?"

அவர் தலை குனிந்து வழிவிட்டார்.

உள்ளே வெளிச்சம் படாமல் ஜன்னலில் சேலையைக் கட்டியிருந்தார்கள். போர்வை சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தது. குருவம்மா தரையில் உட்கார்ந்தார். எழுந்திரு என்று சொல்லவில்லை. தைரியமாக இரு என்றும் சொல்லவில்லை.

"காலேஜைப் பத்தி ஒண்ணு கேக்கலாமா?"

"காலேஜும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"சரி. இதே மாதிரி நீ ஹாஸ்டல்ல படுத்திருக்கேன்னு வச்சுக்கோ. அப்ப உனக்கு என்ன வேணும்?"

போர்வை லேசாக அசைந்தது. பிறகு போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அம்மா கூப்பிட்ட அன்னைக்கே ஒரே பஸ்ல வந்து சேரணும்."

"ம்."

"பக்கத்துக் கட்டில்காரிக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும். இல்லேன்னா நான் தூங்குறேன்னு நெனச்சுட்டுக் கிளாசுக்குப் போயிருவா."

"ம்."

"நம்ம டாக்டரே வேணும். புது டாக்டர்கிட்ட மொதல்லேருந்து சொல்ல என்னால ஆகாது."

குருவம்மா போர்வையோடு அவள் பாதத்தை மெதுவாக ஒருதரம் அமுக்கிவிட்டு எழுந்தார்.

மாசக் கடைசிக்குள் நோய் தணிந்தது. தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு சுடர்விழி குடிலுக்கு வந்தாள். முகத்தில் வெட்கம் பாதி, கோபம் பாதி.

"அன்னைக்குப் பேசினதை மறந்துருங்க, குருவம்மா. அது நான் இல்ல."

"சரி."

"அவ பேச்சைக் கேட்டா நான் எப்ப உருப்பட? நான் என்ன படிக்கணும்னு அவளா சொல்றது?"

"படிப்பை நீயே முடிவு பண்ணு. அதுல அவளுக்கு வேலை இல்ல."

"பின்ன எதுக்கு அவகிட்டப் போயிக் கேட்டீங்க?"

குருவம்மா அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஹாஸ்டலுக்கு அவளும்தானே வரப்போறா?"