மறுபடி அடித்த மணி

மலையடிவார மடத்துக்குப் பூவலிங்கம் வந்தபோது, குரு வடிவாம்பாள் மளிகைச் சாமான் அறையில் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். குரு வயதில் இளையவர்தான். ஆனாலும் பூவலிங்கம் அவரை அம்மா என்றே அழைப்பார். அன்று வணங்கக்கூட மறந்து, வந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அபூர்வ ரத்த வகை உள்ளவர்களுக்காக அவர் ஒரு செயலி செய்திருந்தார். ஒருவருக்கு ரத்தம் வேண்டுமென்றால் மற்றவர்களின் போன்களில் மணியடிக்கும். போன் கம்பெனி அதைத் தன் செயலிக் கடையில் சேர்க்காமல் திருப்பித் திருப்பி அனுப்பியது. அந்தப் போனில் வேறு கடைக்கும் இடமில்லை. சரி போ என்று அதை இணையப் பக்கமாகவே செய்து, எல்லோர் போன் முகப்பிலும் வைத்துக் கொடுத்தார். மணி நன்றாகவே அடித்தது.

மனிதர் அதோடு சும்மா இருந்திருக்கலாம். பிற கடைகளையும் கம்பெனி உள்ளே விட வேண்டும் என்று சட்டம் கேட்டு மனுக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். சட்டம் வந்தது. கம்பெனி பணிவாகத் தலையாட்டியது. பிற கடைகள் வந்தால் திருடனும் வருவான், ஆகவே உங்கள் பாதுகாப்புக்காக இணையப் பக்கச் செயலிகளை நிறுத்துகிறோம் என்றது. அந்த அறிவிப்பைப் பூவலிங்கம் படிக்கும் முன்பே அப்டேட் வந்து மணி ஊமையாகிவிட்டது.

அந்த வாரம்தான் சுடலைமுத்து என்பவரின் மனைவிக்குப் பிரசவம். அவளுக்கும் அபூர்வ ரத்தம். ரத்தம் கேட்டு அழைப்புப் போனது. ஒரு போனும் அடிக்கவில்லை. கொடுக்கக்கூடியவர் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துத் தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டு வாங்குன சட்டம்தாம்மா அந்தப் பொண்ணக் கொன்னுட்டு" என்றார் பூவலிங்கம்.

குரு கையிலிருந்த மூட்டையை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

உலகமெல்லாம் கூச்சல் போட்டதில் கம்பெனி இறங்கி வந்து, நேற்று மறுபடி அனுமதித்துவிட்டதாம். மணி அடிக்கிறது. இன்று காலை சுடலைமுத்து வீடு தேடி வந்தாராம். மனைவியின் தங்கைக்கும் அதே ரத்தம், அவளும் மாசமாக இருக்கிறாள். இனிமேல் அடிக்கும்தானே என்று அவர் கேட்க, வீட்டு வாசலிலேயே அவரை உட்காரவைத்துவிட்டுப் பூவலிங்கம் இங்கே வந்துவிட்டார்.

"அதான் தொறந்துட்டாங்கல்லம்மா. அடிக்கும்னு சொல்லிரலாம்லா?"

குரு எழுந்து வெளியே போனார். கதவு சாத்தப்பட்டது. வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

பூவலிங்கம் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. கூப்பிட்டார், பதிலில்லை. இருட்டில் அந்தப் பெண்ணின் நினைப்பு வந்தது. மணி அடித்திருக்கும், யாராவது வந்துகொண்டிருப்பார்கள் என்று நம்பிக்கொண்டேதான் அவள் போயிருக்கிறாள். கதவை ஓங்கி ஓங்கித் தட்டிக் கத்தினார்.

கதவு திறந்தது.

"எதுக்கும்மா பூட்டுனீங்க?"

"உங்க பாதுகாப்புக்குத்தான்."

"அப்புறம் ஏன் தொறந்தீங்க?"

"கத்துனீங்கல்ல."

பூவலிங்கம் திரும்பிக் கதவின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தார். தாழ்ப்பாள் இல்லை. வெறும் பலகைதான் இருந்தது. வெகுநேரம் அதிலிருந்து கையை எடுக்காமல் நின்றார்.

"அந்த மனுசன் எங்க வீட்டு வாசல்ல காத்துக்கிட்டு இருக்காரும்மா. நான் என்னன்னு சொல்ல?"

"இன்னைக்கு அடிக்குதுன்னு சொல்லுங்க" என்றார் குரு.