அட்டைக்குப் பின்னால் உருண்ட பகடை

நாகர்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் ஞாயிறுதோறும் கதை விளையாட்டு நடக்கும். மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரக்காரியாகவோ அதற்குள் இறங்குவார்கள். அடி பட்டதா, தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். எண் பெரிதானால் அடி பலம்; உயிர்ப்புள்ளி தீர்ந்தால் அந்த ஆள் செத்ததாகக் கணக்கு.

கதை நடத்தக் கற்றுக்கொடுப்பவள் ரெக்ஸலின். வயது முப்பதைத் தொடவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவள்தான் மாஸ்டர்.

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவள் ஜெசிந்தா. கூடவே மகள் ஷைனியும் வருவாள். பத்து வயது. பிறந்ததிலிருந்தே வீசிங், மூச்சிரைப்பு. பள்ளியில் ஓட்டப்பந்தயம் என்றால் மற்ற பிள்ளைகளின் செருப்புக்குக் காவல் இருப்பவள். இந்த மேசையில் மட்டும் அவள் ஈட்டிக்காரி.

ஜெசிந்தா சொன்னால் காடு காடாகவே இருக்கும். மழை பெய்தால் நனையும். சண்டை வந்துவிட்டால் மட்டும் எல்லாம் படுத்துவிடும்.

"பூதம் உன்னை அடிக்குது மக்ளே. லேசாத்தான் பட்டுது. உயிர்ப்புள்ளியில மூணு குறைச்சுக்கோ."

"அது பூதமா, கொசுவா?" என்பான் பெனட். செல்போன் கடைக்காரன். கதைக்குள் கோடரிக்காரன்.

ஒரு வாரம் ஜெசிந்தா வார்த்தைகளைத் தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்தாள்.

"மின்னலைப் பழிக்கும் வேகத்தில், குருதித் தாகம் கொண்ட அந்தக் கொடுவாள்..."

"ஜெசியக்கா, வாள் வந்து சேருறதுக்குள்ள நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துரட்டுமா?" என்றான் பெனட்.

ஷைனி சிரிக்கவில்லை. படி இறங்கும்போது சொன்னாள்.

"அடுத்த வாரம் நான் வரல்லம்மா."

"ஏன் மக்ளே?"

"இங்கயும் என்னை யாரும் அடிக்கல்ல."

அடுத்த ஞாயிறு ஜெசிந்தா அவளை, இந்த ஒரு தடவை மட்டும் வா என்று கெஞ்சிக் கூட்டிவந்தாள். ஆட்டம் தொடங்குமுன் ரெக்ஸலினிடம் கேட்டாள்.

"மாஸ்டர், சண்டை கண்ணு முன்னால நடக்கிற மாதிரி எப்படிச் சொல்றது?"

ரெக்ஸலின் மேசைமேல் நின்ற மறைப்பு அட்டையை எடுத்தாள். கதை நடத்துபவர் எதிரிக்கான பகடையை அதன் பின்னால்தான் உருட்டுவார். அதை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"ஐயோ மாஸ்டர், அது இல்லாம நான்..."

"ஏன், அதுக்குப் பின்னால என்ன வச்சிருக்க?"

ஜெசிந்தா குனிந்துகொண்டாள். பதினெட்டு விழுந்தால் எட்டு என்று சொன்னது தனக்கும் பகடைக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தாள்.

"அம்மா போங்காட்டம் ஆடும் மாஸ்டர்," என்றாள் ஷைனி. "எனக்கு மட்டும்."

பெனட் வாயைத் திறந்தான். ரெக்ஸலின் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

ஆட்டம் தொடங்கியது. ஆற்றுக்குமேல் ஒரு பழைய பலகைப் பாலம். நடுவில் ஈட்டிக்காரி. எதிரே பூதம், கையில் உலக்கை. ஜெசிந்தா எல்லோரும் பார்க்கப் பகடையை உருட்டினாள். அது மேசை விளிம்புவரை ஓடி நின்றது.

பத்தொன்பது.

லேசாகத்தான் பட்டுது என்ற சொல் ஜெசிந்தாவின் நாக்கு நுனிவரை வந்தது.

"சொல்லும்மா," என்றாள் ஷைனி. "எங்க பட்டுது?"

"நெஞ்சுல."

"ம்."

"முதல்ல வலியே இல்ல. காத்துதான் இல்ல. இழுத்துப் பார்க்கிற. உள்ள வரமாட்டேங்குது. தோள் ரெண்டும் காதுக்கிட்ட ஏறிடுது. உதடு..." ஜெசிந்தா பகடையைப் பார்த்தபடியே சொன்னாள். "உதடு நீலமாகுது. விழுந்து கிடக்க. பலகையோட ஈரம் கன்னத்துல ஒட்டுது. பூதத்தோட கால் மட்டும்தான் தெரியுது. மூணு விரல். ஒரு விரல்ல நகம் பிஞ்சு தொங்குது."

பெனட்டின் போன் அடித்தது. அவன் பார்க்காமலே அணைத்தான்.

"உயிர்ப்புள்ளி எவ்வளவு மிச்சம்?" என்று கேட்டாள் ஷைனி.

"ரெண்டு."

ஷைனி நாற்காலியில் முட்டி போட்டு எழுந்தாள். கண் இரண்டும் மின்னின.

"ஈட்டி என் கையில இருக்கா?"

"இருக்கு. நீ விடல்ல."

"அப்ப அந்த நகத்துலயே குத்துறேன்."

உருட்டினாள். பதினாறு. பூதம் அலறிக்கொண்டு ஆற்றில் விழுந்த சத்தத்தைப் பெனட்டே போட்டான். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் குச்சியால் கூரையைத் தட்டினார்.

ஆட்டம் முடிந்தது. அந்தக் குத்தை மறுபடி மறுபடி சொல்லிக்கொண்டே ஷைனி பெனட்டோடு படி இறங்கிப் போனாள். ஜெசிந்தா பகடைகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டாள்.

"மாஸ்டர், இன்னும் ஒரு அடி பட்டிருந்தா அவ செத்திருப்பா."

"ஆமா."

"அடுத்த வாரமே படலாம்."

"படலாம்."

"பட்டுதுன்னா நான் அவகிட்ட என்னத்தைச் சொல்லுவேன்?"

ரெக்ஸலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விழும்போது அவ உன் முகத்தைத்தான் பார்ப்பா ஜெசி. அந்த நேரம் நீ எங்க பார்த்துக்கிட்டு இருப்ப?"