சம்பந்தியம்மாள் கட்டிய சேலை

நெய்தல் நாட்டு மன்னர் மாறவேந்தருக்கு ஒரே மகள், பூங்கோதை. அவளைப் பனிமலைக்கு அந்தப் பக்கம், பனிவாசல் நாட்டு இளவரசனுக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. ஆனால் அம்மா வாயைத் திறந்தால் இவன் வாய் மூடிக்கொள்ளும். அந்த அம்மா பேமா ராணியின் வாயோ மூடி யாரும் பார்த்ததில்லை.

கல்யாணமாகி ஒரு வருஷத்தில் சேதி வந்தது. அந்த நாட்டுப் பெண்கள் கழுத்துவரை கம்பளி அங்கி போட்டு, தலையில் கொம்புத் தொப்பி வைப்பார்களாம். கொம்பு என்றால் நிஜக் கொம்பு. காட்டெருமை பார்த்தால் சொந்தம் கொண்டாடும். பூங்கோதை சேலையில் இருந்தாள், குளிருக்குச் சால்வை போர்த்திக்கொண்டாள், கொம்பு மட்டும் வேண்டாம் என்றாள். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. வசந்த விழாவுக்கு அங்கியும் கொம்புமாகச் சபைக்கு வர வேண்டும், இல்லையென்றால் பிறந்த வீட்டுக்கு மூட்டை கட்டலாம் என்று சொல்லிவிட்டாள்.

மன்னர் தம் சபையின் விகடகவி குழைக்காதரைக் கூப்பிட்டார்.

"என் மகள் வாழாவெட்டியாகத் திரும்பி வரக் கூடாது. அங்கே அழுதுகொண்டும் இருக்கக் கூடாது. சம்பந்தியோடு சண்டையும் கூடாது. முடித்துவிட்டு வாரும்!"

"இவ்வளவுதானா? கூடவே கடலையும் கொஞ்சம் தள்ளிப்போட்டுவிட்டு வரட்டுமா மன்னா?" என்றார் குழைக்காதர். பூங்கோதை தவழ்ந்த நாளிலிருந்து அவருக்குச் செல்லம். சம்பந்தி சீர் என்று நூறு பட்டுச்சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

போய்ச் சேர்ந்தபோது மூக்கு நுனி சிவந்து, பல் தந்தியடித்தது. பூங்கோதை ஓடி வந்தாள்.

"மாமா, என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தீர்களா?"

"போகணுமா அம்மா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "வேண்டாம். அவரை விட்டு வர முடியாது. இந்த மலைகூடப் பிடித்துவிட்டது. ஆனால் எல்லாரும் என்னை வேடிக்கை பார்க்கிறார்கள் மாமா. ஒவ்வொரு நாளும்."

"அப்படியா? விழா அன்றைக்கு அந்தக் கொம்பை நீ வைத்துக்கொள்."

"நீங்களுமா?" அவள் கண் நிறைந்துவிட்டது.

"நான் சொன்னால் கேட்பாயா, மாட்டாயா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டு சரி என்றாள்.

அடுத்து ராணியிடம் போனார். சீர்த்தட்டில் மயில்கழுத்து நிறத்தில் ஒரு பட்டு, தங்கச்சரிகை தகதகக்க இருந்தது. ராணியின் விரல் தானாக அதைத் தடவியது.

"விரித்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுங்கள் தாயே. உங்களால் கட்ட முடியாது" என்றார்.

"யாரால் முடியாது?"

"பத்து முழத்துக்கு மேல் இருக்கிறது. ஊசி இல்லை, நூல் இல்லை, பித்தான் இல்லை. உடம்பிலே நிற்க வேண்டும். எங்கள் ஊர்ப் பெண்களுக்கே வருஷக்கணக்கில் பழக்கம் வேண்டும். ராணியம்மா விழாவிலே தடுக்கி விழுந்தால் எனக்கல்லவா பழி?"

"பதினெட்டு மலை ஏறியவள் நான்! ஒரு துணிக்குப் பயப்படுவேனா?"

விழா நாள் காலையில், பயப்படாத ராணி சேலையைக் கொசுவத்தில் தொடங்கி, கழுத்தில் சுற்றி, காலில் சிக்கி நின்றாள். வேறு வழியில்லாமல் மருமகளைக் கூப்பிட்டு அனுப்பினாள். அந்த அரண்மனையில் ராணி உடுத்துவதைத்தான் மற்றப் பெண்களும் உடுத்த வேண்டும் என்பது சட்டம். ஆகவே சின்ன மாமியார், பெரிய நாத்தனார், மந்திரிகளின் மனைவிமார் எல்லாரும் ஆளுக்கொரு சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

"மூச்சை இழுங்கள் அத்தை! கையைத் தூக்குங்கள்! ஆடாமல் நில்லுங்கள்!" என்று பூங்கோதை அதட்டினாள். ஒரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அரண்மனையில் அவள் குரல் உரக்கக் கேட்டது. ராணி மறுபேச்சுப் பேசாமல் மூச்சை இழுத்தாள்.

சபை கூடியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பட்டு. கண்ணாடியை விட்டு நகர மனமில்லாமல் வந்த ராணி, நடுவில் மயிலாக அமர்ந்திருந்தாள். அப்போது வாசலில் டங்கென்று ஒரு சத்தம். நிலைப்படியில் கொம்பு இடித்த சத்தம். கழுத்துவரை அங்கியும், தலையில் கொம்புமாகப் பூங்கோதை உள்ளே வந்தாள்.

சபை கொல்லென்று சிரித்தது. தான் போட்ட கட்டளையே மறந்துபோய், ராணிக்கு முகம் சிவந்துவிட்டது.

"என்ன கோலம் இது! நாங்கள் இத்தனை பேரும் ஒரே மாதிரி உடுத்தியிருக்கிறோம். நீ மட்டும் தனியாக இப்படி நிற்கிறாயே, வெட்கமாக இல்லையா உனக்கு?"

பூங்கோதை மாமியாரை நிமிர்ந்து பார்த்தாள்.

"இருக்கிறது அத்தை. வந்த நாளிலிருந்து இருக்கிறது."

சிரிப்பு சட்டென்று நின்றது. ராணி ஏதோ சொல்ல வந்தாள், வாய் மூடிக்கொண்டது. அந்த நாட்டில் அப்படி ஒரு அதிசயத்தை அன்றுதான் பார்த்தார்கள். மெல்ல எழுந்து வந்து, மருமகளின் தலையிலிருந்து கொம்பைத் தன் கையாலேயே எடுத்தாள். கலைந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள்.

"இனிமேல் அவரவர் தலை, அவரவர் இஷ்டம்" என்றாள். பிறகு குழைக்காதர் பக்கம் திரும்பி, "இது உம்முடைய வேலைதானே?" என்றாள்.

"நானா? நான் உங்களைச் சேலை கட்ட வேண்டாம் என்றல்லவா சொன்னேன் தாயே!"

மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தான், அதுவும் அம்மாவின் எதிரிலேயே. பிறகு ராணியும் சிரித்துவிட்டாள்.

குழைக்காதர் ஊர் திரும்பியதும் மன்னர் கேட்டார்: "என் மகள் இப்போது என்னதான் உடுத்துகிறாள்?"

"கம்பளி அங்கிதான் மன்னா. அந்தக் குளிருக்கு அதுதான் சரி என்று அவளே போட்டுக்கொள்கிறாள். தலையில் கொம்பு இல்லை, பூ."

"அப்படியானால் சண்டை தீர்ந்ததா?"

"அது எப்படித் தீரும்? சம்பந்தியம்மாள் சேலையை அவிழ்க்கவே மாட்டேன் என்கிறார். 'ஊரே அங்கி போடுகிறது, நீங்கள் மட்டும் இப்படி நின்றால் நாலு பேர் என்ன சொல்வார்கள் அத்தை?' என்று நம் குழந்தை தினமும் அவரைத் திட்டுகிறாள்!"

மாறவேந்தர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் தம் முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதர் கழுத்தில் போட்டார்.