தட்டா, வயரா?

நாமக்கல்லை ஒட்டினாற்போல, திருச்செங்கோடு ரோட்டில், லாரிகளுக்கு வாட்டர் சர்வீஸ் செய்கிற அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூத்தவர் நாச்சிமுத்து, அடுத்தவர் மாரப்பன், கடைசி செங்கோடன். ஒரு தடவை ஒரு டிரைவர், "வண்டிக்குள்ள இருக்கறது ஒண்ணு விடாம கழுவிருங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அவருடைய லைசென்சும் ஆர்.சி. புத்தகமும் சோப்பு வாசனையோடு கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

தன் புத்தியைப் பற்றி நாச்சிமுத்துவுக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றும் கிடையாது. "நம்ம தலை தலப்பாக் கட்டறதுக்குன்னு வந்தது. மத்த வேலைக்கு அதைத் தொந்தரவு பண்ணக் கூடாது" என்று அவரே சொல்லுவார். தம்பிகள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொஞ்சம் கர்வம் வந்துவிடும். அதற்கு அவர் என்ன செய்ய முடியும்?

சர்வீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னாலேயே மூவரும் புது வீடு கட்டிக் குடிவந்தார்கள். வந்த வாரமே தங்கச்சி பாப்பாத்தி சேலத்திலிருந்து போன் பண்ணினாள். அவள் மகள் தாரணி கபடி ஆடுகிற பெண். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு சேலத்தில் இறுதி ஆட்டம், டிவியில் நேரடியாகக் காட்டுகிறார்கள்.

"அண்ணா, மூணு பேரும் வீட்லயே உக்காந்து டிவில பாருங்க. கிரவுண்டு பக்கம் மட்டும் வந்தராதீங்க" என்றாள் பாப்பாத்தி.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. போன தடவை எதிர் அணிப் பெண்கள் ஏழு பேர் சேர்ந்து தாரணியை அமுக்கிப் பிடித்ததைப் பார்த்துப் பொறுக்காமல், தாய்மாமன்கள் மூவரும் களத்தில் குதித்து அவளை மீட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். தாரணியின் அணி அன்றைக்கே போட்டியிலிருந்து நீக்கப்பட்டது.

தாரணியும் போனை வாங்கிப் பேசினாள். "மாமா, ஆட்டத்துக்கு முன்னாடி கேமராவைப் பார்த்து உங்களுக்குக் கையாட்டறேன். பாத்தீங்களான்னு அப்புறமா கேப்பேன்."

பிள்ளை இவ்வளவு சொன்ன பிறகு டிவி இல்லாமல் இருக்க முடியுமா? டவுனுக்குப் போய் சுவரை அடைக்கிற மாதிரி பெரிய டிவியாக வாங்கினார்கள். கடைக்காரர், "டிஷ் போட்டுக்கறீங்களா, பிராட்பேண்டா? பேசி முடிவு பண்ணிக்குங்க" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டு முற்றத்தில் மூவரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ண ஆரம்பித்தார்கள்.

"பிராட்பேண்டுன்னா என்னுங்கண்ணா?" என்று கேட்டார் மாரப்பன்.

நாச்சிமுத்து யோசித்தார். "பிராடுன்னா அகலம். அகலமான பேண்ட்டு."

"நாம மூணு பேருமே வேட்டிதானுங்களே."

"அதான் எனக்கும் யோசனையா இருக்குது."

செங்கோடன் விசாரித்துவிட்டு வந்திருந்தான். "அது இல்லீங்கண்ணா. வயர்ல வர்றது. கம்பெனிக்காரர் சொன்னாரு, நம்ம வீட்டுக்கு நூறு எம்பி வருமாமா."

நாச்சிமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. "நூறு எம்பியா? நம்ம தொகுதிக்கே மொத்தம் ஒரு எம்பிதானடா. அவரே நன்றி சொல்லிட்டுப் போனவரு இன்னும் இந்தப் பக்கம் வரலே."

"தினமும் வருமாமுங்க. இருபத்துநாலு மணி நேரமும்."

"வந்தா உக்கார வைக்க வேண்டாமா? சர்வீஸ் ஸ்டேஷன்ல மொத்தம் நாலு சேர். அதுல ஒண்ணுக்குக் கால் இல்லை."

மாரப்பனுக்கு டிஷ், அதாவது தட்டுதான் பிடித்திருந்தது. "தட்டுன்னா வானத்துல இருந்து வர்றது. யாரும் குறுக்கே வந்து நம்மைக் கேள்வி கேக்க முடியாது" என்றார். வயர்தான் வேண்டும் என்றான் செங்கோடன். வானத்திலிருந்து வருவது விழுந்தால் உடைந்துவிடும், தரையில் வருவதற்கு அந்தப் பயம் இல்லை என்பது அவன் கட்சி. கடைசியில் ஓட்டு எடுத்தார்கள். மாரப்பன் தட்டுக்கு, செங்கோடன் வயருக்கு. நாச்சிமுத்து மூத்தவர் ஆயிற்றே, எந்தத் தம்பி மனசும் நோகக் கூடாதென்று இரண்டுக்கும் கை தூக்கினார். இரண்டுக்கு இரண்டு என்று சமமாகிவிட்டது.

ஆகவே இரண்டையுமே போடுவதென்று முடிவானது.

வியாழக்கிழமை டிஷ்காரர் வந்தார். மொட்டை மாடியில் தட்டை மாட்டி, டிவியில் படத்தையும் வரவழைத்துவிட்டு இறங்கினார். "மழை வந்தா மட்டும் படம் நின்னுரும். மத்தபடி ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை தெற்கே ஒரு மேகம் தலைகாட்டியது. மாரப்பன் ஓடிப்போய் லாரித் தார்ப்பாய் ஒன்றை எடுத்துவந்து தட்டின் மேல் போர்த்தி, நாலு மூலையையும் இழுத்துக் கட்டினார். கட்டி முடித்ததும் கீழே படம் நின்றுவிட்டது.

"பாத்தீங்களாண்ணா!" என்றார் மாரப்பன். "மழை இன்னும் பெய்யக்கூட இல்லை. அதுக்குள்ள நின்னுருச்சு. மூடாம விட்டிருந்தா என்ன கதி ஆயிருக்கும்?"

இந்த மழை சாதாரண மழை இல்லை என்று நாச்சிமுத்துவுக்கும் பட்டது. இன்னொரு தார்ப்பாயும் போர்த்தச் சொன்னார். அப்படியும் படம் வரவில்லை. மூன்றாவதையும் போர்த்தினார்கள். மழை கடைசிவரை பெய்யவே இல்லை. தார்ப்பாயைப் பார்த்துப் பயந்துவிட்டது என்று மூவரும் பேசிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை வயர்காரர் வந்தார். சின்ன வயசுப் பையன், பேர் கிருபாகரன். விளக்கு மினுக்குகிற ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டினான். "இதுதான் மோடம். கரண்ட் போச்சுன்னா இதுவும் போயிரும், பாத்துக்குங்க" என்றான்.

"எங்கே போகும்?" என்று கேட்க நாச்சிமுத்து வாய் திறந்தார். ஆனால் சின்னப் பையனிடம் போய்த் தன் அறியாமையைக் காட்டிக்கொள்ள வேண்டாமென்று மூடிக்கொண்டார். பையன் தலை மறைந்ததும் மாடு கட்டுகிற கயிற்றைக் கொண்டுவரச் சொல்லி, பெட்டியை ஜன்னல் கம்பியோடு சேர்த்து ஏழு சுற்று சுற்றிக் கட்டினார். அன்று மத்தியானமே கரண்ட் போனது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பெட்டி இருந்த இடத்திலேயே இருந்தது.

"கட்டுனதாலதான் நின்னுது" என்றார் நாச்சிமுத்து.

கிருபாகரன் போகும்போது இன்னொன்றும் சொல்லியிருந்தான். "பாஸ்வேர்டு ஒண்ணு போடுங்க. யாருக்கும் சொல்லிராதீங்க."

நாச்சிமுத்து தனியே போய் ஒரு பாஸ்வேர்டு போட்டார். தம்பிகளிடம் சொல்லவில்லை. சாயங்காலம் டிவி, பாஸ்வேர்டு என்ன என்று கேட்டது. நாச்சிமுத்து சிரித்தார். "ஆசையப் பாரு. உடன்பொறந்தவனுக்கே சொல்லலே, நேத்து வந்த உனக்குச் சொல்லுவனா?"

டிவி கேட்டுக்கொண்டே இருந்தது. அவரும் சொல்லாமலே இருந்தார். தூக்கத்தில் உளறிவிடுவோமோ என்று பயமாக இருந்ததால், படுக்கப் போகுமுன் அதை மறந்துவிட முயற்சி செய்தார். நாச்சிமுத்து மனசு வைத்துச் செய்து முழுசாக முடித்த காரியங்கள் அவர் வாழ்க்கையில் கொஞ்சம்தான். அதில் இது ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கே மூவரும் குளித்து, புது வேட்டி சட்டை போட்டு, தலை சீவி உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளை அங்கிருந்து கையாட்டும்போது மாமன்மார் அழுக்கு பனியனோடா இருப்பது?

நாலு மணி. மாடியில் தட்டு மூன்று தார்ப்பாய்களுக்குக் கீழே பத்திரமாக இருந்தது. வயர் வழியாகப் பார்க்கலாமென்றால் டிவி பாஸ்வேர்டு கேட்டது. இப்போது நாச்சிமுத்து சொல்லத் தயாராக இருந்தார், சொல்வதற்குத்தான் எதுவும் இல்லை.

கம்பெனிக்கு போன் போட்டார்கள். ஒரு பெண் குரல், "தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்" என்றது.

"என்ன சொல்றாங்க?" என்றார் மாரப்பன்.

"ஒன்றை அழுத்தணுமாமா" என்றார் நாச்சிமுத்து.

"எதை?"

"எதைன்னு சொல்லலே. ஏதோ ஒன்றை."

மாரப்பன் சுவரை அழுத்தினார். செங்கோடன் டிவியை அழுத்தினான். குரல் மறுபடியும் அதையே சொன்னது. நாச்சிமுத்து வேறு வழி தெரியாமல் செங்கோடனின் தோளைப் பிடித்துப் பலமாக அழுத்தினார். அவன் "அம்மா!" என்று கத்தினான்.

"பாத்தியா, தமிழ் வருது!" என்றார் மாரப்பன்.

ஆனால் படம் வரவில்லை. மணி நாலரை ஆயிற்று, ஐந்து ஆயிற்று. புது வேட்டி கசங்கிப்போனது. 'பாத்தீங்களா மாமான்னு கேப்பாளே, என்ன பதில் சொல்றது?' என்று நாச்சிமுத்து மருகினார். சர்வீஸ் ஸ்டேஷனில் மூன்று பேரும் நாள் முழுக்கத் தண்ணீரில் நிற்கிறவர்கள்தான். ஆனாலும் அன்றைக்கு அவர் கண்ணிலிருந்து இறங்கிய தண்ணீரை அவரால் துடைக்க முடியவில்லை. தன்னைப் போல ஒரு மாமன் கிடைத்ததற்கு அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்ததோ என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் செங்கோடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், கிருபாகரனை வீட்டோடு தூக்கிவராத குறையாகக் கூட்டிவந்தான். அவன் கயிற்றை அவிழ்த்து, பெட்டியில் எதையோ தட்டி, புது பாஸ்வேர்டு போட்டான். டிவி பளிச்சென்று எரிந்தது. மணி அப்போது ஆறே கால்.

திரையில் கபடி! களத்தின் நடுவில் நிற்பது தாரணியேதான்!

"வந்துட்டா, வந்துட்டா!" என்று மூவரும் எழுந்து நின்றார்கள். தாரணியின் அணி ஆறு பாயிண்ட் பின்தங்கியிருந்தது. இடைவேளை முடிந்து இரண்டாவது பாதி அப்போதுதான் தொடங்கியிருந்தது.

அந்தச் சமயத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாப்பாத்தி இறங்கினாள். பின்னாலேயே கழுத்தில் மெடலும் கையில் பெரிய கப்புமாக தாரணி ஓடிவந்தாள்.

"மாமா! நான் கையாட்டினதைப் பாத்தீங்களா?"

"தள்ளி நில்லு கண்ணு, மறைக்குது" என்றார் நாச்சிமுத்து. "எங்க தாரணி ஆடறா."

அப்புறம்தான் திரும்பிப் பார்த்தார். தாரணியைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடியும் தாரணியைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனது.

"ஏஞ்சாமி, பாதி ஆட்டத்துல எந்திரிச்சு வந்துட்டியா? அங்க ஆறு பாயிண்ட் கம்மியா இருக்குது!"

"மாமா, இது மறு ஒளிபரப்பு. ஆட்டம் அப்பவே முடிஞ்சு போச்சு. நாங்கதான் ஜெயிச்சோம். இதோ கப்பு."

"முடியறதுக்கு முன்னாடியே கப்பையும் தூக்கிட்டு வந்துட்டாளே!" என்று மாரப்பன் தலையில் கை வைத்தார். "ஜெயிச்சவங்களுக்கு அவங்க எதைக் குடுப்பாங்க?"

பாப்பாத்தி கத்தினாள், கிருபாகரன் விளக்கினான், தாரணி சிரித்துச் சிரித்துப் பேச்சு வராமல் நின்றாள். யார் சொன்னதும் எடுபடவில்லை. மாமன்மார் மூவரும் அவளைக் கப்போடு சேர்த்து சர்வீஸ் ஸ்டேஷன் வேனில் ஏற்றினார்கள். பாப்பாத்தியும் பதறிப்போய் ஏறிக்கொண்டாள். "தம்பி, நீ டிவியை விட்டு நகராதே, என்ன ஆகுதுன்னு போன்ல சொல்லு" என்று கிருபாகரனிடம் உத்தரவு போட்டுவிட்டு, நாச்சிமுத்து வேனை சேலத்துக்கு விரட்டினார். தாரணி அன்றைக்கு ஆடிய களைப்பில் நாமக்கல் தாண்டுவதற்குள் தூங்கிப்போனாள்.

வழியில் புதன்சந்தை வரும்போது போன் அடித்தது. கிருபாகரன்தான்.

"அய்யா, ஆட்டம் முடிஞ்சுதுங்க. உங்க பொண்ணு டீம் ரெண்டு பாயிண்ட்ல ஜெயிச்சிருச்சு."

நாச்சிமுத்து வேனை ஓரங்கட்டினார். பின்சீட்டில் கப்பைக் கட்டிப்பிடித்துத் தூங்குகிற பிள்ளையைக் கொஞ்ச நேரம் கண் இமைக்காமல் பார்த்தார்.

"டேய்," என்றார் தம்பிகளிடம் மெதுவாக, பிள்ளை முழித்துவிடாதபடி. "நம்ம தாரணி வேன்ல தூங்கிட்டே ஜெயிச்சுட்டாடா. சேலம் வரைக்கும் போய் எறங்கி ஆடியிருந்தா, அந்த எதிர் டீம் புள்ளைங்க கதி என்ன ஆயிருக்கும்?"