ஆவுடையப்பனின் ஆண்டுக் குறிப்பு

"அம்மா, இந்தப் பூமிக்கு நம்மளைப் பிடிக்காமப் போயிடுச்சா?"

கேட்டவர் ஆவுடையப்பன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். இப்போது ஆசிரமத்தில் சீடர். நிர்வாகமும் அவர் கையில்தான்.

குரு வடிவம்மை. எட்டாம் வகுப்பில் அவரிடமே குட்டு வாங்கியவள்.

"என்ன ஐயா, காலங்காத்தால பூமியோட சண்டை?"

"வருஷக் குறிப்பு எழுதினேன். அத்தனையும் கெட்ட சேதி."

நாளை சித்திரை ஒன்று. முடிந்த ஆண்டின் நல்லது கெட்டதைச் சபையில் படிப்பது அங்கே வழக்கம்.

வாசலில் கான்கிரீட் லாரி ஹாரன் அடித்தது. பின்பக்கத்து ஓடையை மூடி கார் நிறுத்த இடம் கட்டுகிறார் ஆவுடையப்பன். மூடிவிட்டால் மழைத்தண்ணீருக்குக் கீழத்தெருவை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. ஆனால் குரு நிர்வாகத்தில் தலையிடுவதில்லை.

"அது நிக்கட்டும். நீங்க படிங்க."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வடக்கே காடு எரிந்தது. பனிமலை உருகியது. பாலைவனத்தில் வெள்ளம். நம்மூர் ஓடை தூர்ந்தது. ஐப்பசி மழையில் கீழத்தெரு அழிந்தது..."

"ஓடை தூர்ந்துபோச்சா?"

"ஆமாம்மா. செத்த ஓடை. அதான் மூடுறேன்."

வடிவம்மை ஒரு சொம்பு மோரை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"ஐயா, இலக்கணத்துல ஒரு சந்தேகம். உருகியது, உருக்கியது. என்ன வித்தியாசம்?"

அவருக்குள் இருந்த சீடர் மறைந்தார். வாத்தியார் எழுந்து உட்கார்ந்தார்.

"தன்வினை, பிறவினை! தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே! தானா நடந்தா உருகியது. இன்னொருத்தர் நடத்தினா உருக்கியது. எழுத்து ஒண்ணுதான் வித்தியாசம். அதுல எப்பவும் கோட்டை விடுவே நீ."

"அப்போ எரிந்தது?"

"எரித்தது."

"அழிந்தது?"

"அழித்தது."

"தூர்ந்தது?"

"தூர்..."

நிறுத்தினார். முகம் சிவந்தது.

"அம்மா, இது நியாயமில்லை. புகை விட்டவன் எவனோ பெரிய நாட்டுக்காரன். நான் சைக்கிள்ல போறவன். எந்தப் பனிமலையை உருக்கினேன்?"

"நீங்க எதையும் உருக்கலை ஐயா. உங்க சைக்கிளும் நல்ல சைக்கிள்தான்."

"பின்னே?"

"போன சித்திரையில புது மண்டபத்துக்காகப் பழைய சுவரை இடிச்சோமே, அந்தக் கல்லும் மண்ணும் எங்கே?"

அவர் பின்பக்கத்து ஓடையைத் திரும்பிப் பார்த்தார். ஓடையில் கொட்டச் சொன்னவர் அவர்தான்.

"மோரைக் குடிங்க ஐயா, வெயில் ஏறுது."

குடித்தார். பாதியிலேயே சொம்பை வைத்துவிட்டு எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். "கொட்டிடலாமா சார்?"

"வேண்டாம். திருப்பிக் கொண்டு போயிடு."

"ஏன் சார்? செத்த ஓடைன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒரு எழுத்து தப்பாப் போச்சு தம்பி. வண்டியில மண்வெட்டி இருக்கா?"