பலகாரத்திலிருந்து வசவை எடுத்த கதை

முன்னொரு காலத்தில், கப்பல்கள் வந்துபோகும் கடற்கரை நாடொன்றை ஓர் அரசன் ஆண்டான். கோபம் வந்துவிட்டால் அவனுக்குக் காது கேட்காது.

அவன் அரண்மனையில் தலிசாய் என்ற பிலிப்பினோ சமையற்காரன் இருந்தான். துறைமுகத்தில் கண்டு அவனை அழைத்துவந்தவன் விகடகவி கூத்தனம்பி. கூத்தனம்பியைப் பிடிக்காத மந்திரி மழவராயருக்கு அந்தச் சமையற்காரனையும் பிடிக்கவில்லை.

ஒருநாள் ஸ்பெயின் நாட்டுத் தூதுவர் ஃபெர்மின் விருந்துக்கு வந்தார். அரிசியை ஊறவைத்து அரைத்து, மாவைப் புளிக்கவிட்டு, சின்னக் கிண்ணங்களில் ஊற்றி ஆவியில் வேகவைத்த பலகாரத்தைத் தலிசாய் அவர் இலையில் வைத்து, “பூத்தோ” என்றான். அவன் ஊரில் அதுதான் அதன் பெயர். ஸ்பானிய மொழியிலோ அது ஆண்மகனை இழிவுபடுத்தும் கெட்ட வசவு. தூதுவர் இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். அருகில் மொழிபெயர்க்கும் துபாஷியாக நின்ற மழவராயர் அரசன் காதில் பொருளைச் சொன்னார்.

சமையற்காரனின் நாக்கை அறுக்கும்படி அரசன் கத்தியைக் கொண்டுவரச் சொன்னான். வசவு பலகாரத்தில் இல்லை என்று கூத்தனம்பி மன்றாடினான்.

“அப்படியானால் நாளை மதியத்துக்குள் அந்த வசவை வெளியே எடுத்துவிட்டுப் பரிமாறு. தவறினால் அவன் நாக்கோடு உன் நாக்கும் போகும்” என்றான் அரசன்.

மறுநாள் தலிசாயின் வாயை ஒரு துணியால் கட்டி, தூதுவர் கண்ணெதிரே கூத்தனம்பி சமைக்க வைத்தான். அரிசியைக் காட்டினான், மாவைக் காட்டினான், ஆவியைக் காட்டினான். இதில் எது தங்களை வைகிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்டான். எதுவுமில்லை என்று எரிச்சலோடு சொன்ன தூதுவர், பிறகு மூன்று பலகாரங்களைத் தின்றார். தொண்டை அடைக்கவே, “லெச்சே” என்று கேட்டார்.

தலிசாய் கரண்டியை வீசியெறிந்தான்.

கூத்தனம்பி சொன்னான்: “மகாராஜா, தூதுவர் கேட்டது பால். இவன் ஊரில் அது ஆத்திரத்தில் துப்புகிற வசவு. யார் நாக்கை முதலில் அறுப்பது?”

தூதுவர் தலைகுனிந்து, சமையற்காரனை விட்டுவிடும்படி தாமே வேண்டினார்.

“வசவை எப்படி எடுத்தாய்?” என்றான் அரசன்.

“வாயைக் கட்டினேன். மூச்சு உணவில் படாமல் வாயைக் கட்டிப் பரிமாறுவதுதானே நம் அரண்மனை வழக்கம்? நேற்று அதை அவிழ்த்துவிட்டுப் பெயரை உரக்கச் சொல்லச் சொன்னவர் யார்?”

தலிசாய் மழவராயரைச் சுட்டிக்காட்டினான். பலகாரத்தின் பெயரை அவனிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டதையும் மந்திரியால் மறுக்க முடியவில்லை. அரசன் மறுபடியும் கத்தியைக் கேட்டான்.

“அந்தக் கத்தியை எனக்குப் பரிசாகத் தாருங்கள்” என்றான் கூத்தனம்பி.

“உன்னைக் கெடுக்க நினைத்தவனுக்காகவா பேசுகிறாய்?”

“இல்லை மகாராஜா. எனக்கும் இவர்மேல் ஆத்திரம்தான். ஆனால் கத்தி என் வீட்டில் இருந்தால், தங்களுக்குக் கோபம் வரும்போது அதற்கு ஆள் அனுப்ப வேண்டியிருக்கும். ஆள் திரும்புவதற்குள் தங்களுக்குக் காது கேட்க ஆரம்பித்துவிடும்.”

அரசன் முறைத்தான், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். மழவராயரின் பதவியைப் பறித்துக்கொண்டு, கத்தியோடு ஒரு முத்துமாலையையும் விகடகவிக்குக் கொடுத்தான்.