தங்கபுஷ்பத்தின் கடைசி ரிட்டர்ன்

"கண்ணை மூடினா மனசு நிக்க மாட்டேங்கும்மா" என்றார் சொர்ணலிங்கம்.

"எங்க போகுது?" என்று கேட்டார் குரு உமையம்மை.

"வருமான வரி ஆபீசுக்கு."

உமையம்மை சிரிக்கவில்லை. மலையடிவாரத்தில் அவர் நடத்திய தியானக் குடிலுக்கு வந்தவர்களின் மனசு எங்கெங்கோ போயிருக்கிறது. மருமகளிடம் போயிருக்கிறது, பங்காளி வீட்டு வேலிக்குப் போயிருக்கிறது, அடுப்பில் வைத்த பாலுக்கும் போயிருக்கிறது. வரி ஆபீசுக்குப் போன மனசை அன்றுதான் பார்க்கிறார்.

குருவுக்குச் சீடரைவிட இருபது வயது குறைவு. சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை அண்ணாச்சி என்பார். இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

"ரிட்டர்ன் இன்னும் போடலையா அண்ணாச்சி?"

"என்னோடது அப்பவே முடிஞ்சுது."

"பிறகு யாரோடது?"

சொர்ணலிங்கம் பாயின் ஓரத்தை நிமிண்டினார்.

"தங்கபுஷ்பத்தோடது."

தங்கபுஷ்பம் அவர் மனைவி. கருவூலத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். போன மார்கழியில் காலமாகிவிட்டார். இறந்துபோனாலும் அந்தக் கடைசி வருஷத்து வருமானத்துக்கு ரிட்டர்ன் உண்டு. வாரிசு போட வேண்டும்.

"அதையும் ஜூலை கடைசிக்குள்ள போட்டுட்டேன்மா."

"அப்புறம் என்ன?"

"போட்டேன். வெரிஃபை பண்ணல."

ரிட்டர்ன் போட்டால் மட்டும் ஆகாது. போட்டது நான்தான் என்று, போனுக்கு வரும் ஓடிபி எண்ணைத் தட்டி உறுதி சொல்ல வேண்டும். அதற்கு முப்பது நாள் தருவார்கள். அதையும் கோட்டை விட்டால், முன்னால் போட்டது கெடுவுக்குள் போட்டதாகக் கணக்கில் வராது.

"எப்ப கடைசி நாள்?"

"இன்னைக்கு."

உமையம்மை எழுந்தார். சொர்ணலிங்கமும் பதறி எழுந்தார். குரு அவருடைய பாயைச் சுருட்டி அவர் கையிலேயே கொடுத்தார்.

"டவர் எங்க கிடைக்கும்?"

"ரோட்டு மதகுகிட்ட, பஸ் நிக்கிற இடத்துலம்மா."

"அங்க போய் விரிச்சு உக்காருங்க."

போனார். விரித்தார். உட்கார்ந்தார்.

பஸ்ஸுக்கு நின்றவர்கள், குடிலில் ஏதோ புதுத் தவம் ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள். ஒரு அம்மாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரைக் கும்பிட்டாள். அவரும் போனும் கையுமாகத் தலையை ஆட்டி வைத்தார்.

போனில் வரி ஆபீசின் இணையப் பக்கம் திறந்தது. மேலே தங்கபுஷ்பத்தின் பெயர். கீழே, வெரிஃபிகேஷன் பாக்கி என்று ஒரு வரி. ஒரு மாதமாகக் காலையில் எழுந்ததும் அவர் பார்ப்பது இதைத்தான். பார்ப்பார், மூடி வைப்பார், பல் தேய்க்கப் போவார்.

இப்போதும் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

கொஞ்ச நேரத்தில் உமையம்மை இரண்டு டம்ளர் சுக்குக் காப்பியோடு வந்து, பாயின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஓடிபி வரலையா?"

"நான் கேக்கவே இல்லம்மா."

குரு ஒரு டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"ரேஷன் கார்டுல அவ பேரை எடுத்தாச்சு" என்றார் சொர்ணலிங்கம். "கேஸ் சிலிண்டரை என் பேருக்கு மாத்தியாச்சு. பேங்க்குல எடுத்தாச்சு, பென்ஷன்ல எடுத்தாச்சு. எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டு எடுத்தது நான்தான். இந்த ஒரு இடத்துலதான் அவளுக்கு ஒரு வேலை பாக்கி இருக்குன்னு காட்டுது. உசிரோட இருக்கவங்களுக்குத்தானம்மா வேலை பாக்கி இருக்கும்?"

உமையம்மை காப்பியை ஊதி ஆற்றினார். இந்த மனிதர்மேல் அவருக்குக் கொள்ளைப் பிரியம். அதை மறைக்கவும் அவருக்குத் தெரியாது.

"அக்கா இருந்தப்ப ரிட்டர்ன் எப்ப போடுவாங்க?"

சொர்ணலிங்கத்தின் முகம் மாறியது.

"பென்ஷன் பாரம் கைக்கு வந்த அன்னைக்கே உக்காந்துருவா. எனக்கும் சேர்த்துப் போட்டுருவா. கடைசி நேரத்துல ஓடுதவங்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. என் தம்பி ஒரு வருசம் கெடுவைத் தாண்டிட்டான். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தான். எல்லாருக்கும் ரெண்டு அதிரசம் வச்சா, அவனுக்கு ஒண்ணு. ஏன் மதினின்னு கேட்டான். ஒண்ணு அபராதத்துக்குப் போச்சுன்னுட்டா."

"பிறகு குடுத்தாங்களா?"

"குடுக்கலையே. அவன் முன்னாலயே எனக்கு மூணாவது வச்சா."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குருவும் சிரித்தார். காப்பி தளும்பிப் பாயில் சிந்தியது.

"அக்கா ஒரு வருசமாவது கெடுவைத் தாண்டினது உண்டா?"

"அவளா? ஒருநாளும் இல்ல."

"இந்த வருசம்?"

சொர்ணலிங்கம் மிச்சக் காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

பஸ் வந்தது. நின்றவர்கள் ஏறிப் போனார்கள்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். போனை எடுத்தார். அமுக்கினார்.

ஓடிபி உடனே வந்தது. எண்கள்தான் தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டும் தெரியவில்லை. கண்ணாடியில் ஒரு குறையும் இல்லை.

"கொஞ்சம் வாசிங்களேன்மா."

உமையம்மை ஒவ்வொரு எண்ணாக வாசித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல அவரும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே தட்டினார்.

பாக்கி என்றிருந்த வரி போய்விட்டது.

சொர்ணலிங்கம் போனைப் பாயில் கவிழ்த்து வைத்தார்.

"அவளுக்குன்னு நான் செய்ய இனி ஒரு வேலையும் கிடையாதும்மா."

"அப்பாடா" என்றார் குரு. "இனிமே அக்காவைச் சும்மா நினைச்சுக்கிட்டு இருக்கலாம் அண்ணாச்சி."